மறுப்பு என்று எழுதப்பட்ட ஊர்

அம்மை குத்துபவரின் சுற்றுப்பயண நாட்களை, ஊர் வழக்கத்தை உத்தேசித்து, முன்கூட்டி எழுத்து மூலம் அனுமதி பெற்று மாற்றிக்கொள்ளலாம் என்று ஒரு விதி இருக்கிறது. நல்ல விதி. எழுதியவர் ஒரு தடவையாவது கிராமத்துக்குப் போயிருக்க வேண்டும். நான் தாலுகா ஆபீசில் குமாஸ்தாக்களுக்கு மேலே சிரஸ்தாராக இருந்து ஓய்வு பெற்றவன். என் சர்வீஸ் முழுவதிலும் அந்த விதியை யாரும் பயன்படுத்திப் பார்த்ததில்லை. எல்லா விதிகளையும் போல அதுவும் பத்திரமாக இருந்தது.

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். மாசி மாதம் ஒரு வியாழக்கிழமை கரட்டுப்பாளையத்திலிருந்து எனக்கு ஆள் வந்தான். எடப்பாடிக்கு நாலு மைலில் உள்ள ஊர். அந்த ஊர் மணியக்காரர் குழந்தைக் கவுண்டர் கிஸ்தி கட்ட வரும்போதெல்லாம் என் மேஜைக்கு எதிரில் உட்கார்ந்து பழகியவர். அம்மை குத்த வந்தவரை ஊர் திருப்பி அனுப்பிவிட்டது. மணியக்காரரே தடுத்தார் என்று மேலே எழுதிவிட்டார்கள். ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று நோட்டீஸ் வந்திருக்கிறது. இரண்டு மைலில் இருக்கும் ஓடைப்பட்டியில் அம்மை இறங்கியிருக்கிறது. பதில் எழுதித் தர என்னால் வர முடியுமா என்று கேட்டிருந்தார்.

படிக்காத ஜனங்களின் மூடநம்பிக்கையைப் பற்றி மூன்று பத்தி எழுதி, பெரிய மனசு பண்ணி மன்னிக்கும்படி முடித்துவிடலாம் என்று நினைத்துக்கொண்டு புறப்பட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கு அஸ்தம்பட்டியில் ஜட்கா ஏறி, ஏழுக்குள் பஸ் நிற்கும் இடத்துக்கு வந்துவிட்டேன். பஸ் எட்டரைக்குப் புறப்பட்டது. பெட்ரோல் யுத்தத்துக்குப் போய்விட்டதால் எங்கள் பக்கத்து பஸ்கள் அப்போது கரியில் ஓடின. பின்புறம் ஒரு பெரிய இரும்பு அடுப்பு. கிளீனர் அதன் காற்றாடியை அரை மணி சுற்றினால் வண்டி இருமும், இன்னும் கால் மணி சுற்றினால் நகரும். ஏற்றம் வந்தால் பிரயாணிகள் இறங்கித் தள்ள வேண்டும். டிக்கெட்டில் அது சொல்லப்படவில்லை.

என் பக்கத்தில் ஓமலூர் தோல் வியாபாரி ரஹீம் சாயபு உட்கார்ந்திருந்தார். நான் போகும் காரியத்தைச் சொன்னதும் சிரித்தார்.

"எங்க தெரு பூரா மறுப்புன்னு எழுதிட்டுப் போயிருக்காங்க, தெரியுமா உங்களுக்கு?"

"ஏன் பாய், உங்களுக்கும் நம்பிக்கை இல்லையா?"

"நம்பிக்கை இல்லாம என்ன? என் கையைப் பாருங்க." சட்டைக் கையைச் சுருட்டி மூன்று வட்டத் தழும்புகளைக் காட்டினார். "ஆம்பிளைங்க எல்லாம் நடுத்தெருவுல நின்னு குத்திக்கிட்டோம். உள்ள பொம்பளைங்க இருக்காங்க, ஒரு நர்ஸம்மாவை அனுப்புங்கன்னோம். அதுக்கெல்லாம் ஏற்பாடு இல்லேன்னாரு. சரி, எங்க வீட்டுப் பொம்பளைங்களை நானே வண்டி கட்டிச் சேலத்துல லேடி டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போயிட்டேன். வண்டி கட்ட முடியாதவன் என்ன பண்ணுவான்? அவன் வீட்டுக்குப் பேரு மறுப்பு."

"எழுதிக் கேட்டீர்களா?"

"ரெண்டு தரம். நீங்க ஆபீஸ்ல இருந்தவரு. பதில் எப்ப வரும்?"

நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். ஓமலூரில் இறங்கும்போது அவர் என் கையில் இரண்டு வாழைப்பழம் கொடுத்தார். பதில் சொல்லாததற்குக் கொடுத்த மாதிரி இருந்தது.

ஓமலூரில் கரி போட்டு, தாரமங்கலத்தில் மறுபடி கரி போட்டார்கள். அங்கே செங்கோடன் என்ற எடப்பாடி நெசவாளி நூல் மூட்டையுடன் ஏறினார். நான் கேட்காமலேயே பேச்சு அம்மைக்கு வந்துவிட்டது. அந்த மாதம் அந்தச் சாலையில் எந்தப் பேச்சும் அங்கேதான் வந்து நின்றது.

"குத்திக்கிட்டீரா?" என்றேன்.

"இல்லீங்க."

"பயமா?"

"பயமென்னங்க பயம். பாவு தறியில ஏறியிருக்குதுங்க. கையில குத்துனா நாலு நாளைக்கு வீக்கம். வீங்குன கைய வெச்சுக்கிட்டு நாடா எறிய முடியுங்களா? தார் சுத்தற புள்ளைக்கும் காச்சல் வந்துருதுங்க. சீலை முடிஞ்சு பாவு அறுத்துப்போட்டு ரெண்டு நாளு சும்மாதாங்க குந்தியிருப்போம். அப்ப வந்து குத்தச் சொல்லுங்க, ஊடே வரிசையில நிக்கும்."

"இதை அவரிடம் சொன்னீரா?"

"சொல்ல உட்டாத்தானுங்க? மாட்டேன்னு சொல்ற வரைக்குந்தா நின்னாரு."

முன் சீட்டில் ஒருவர் திரும்பி, "செங்கோடன் கலியாணத்துக்கே பாவு அறுத்தாத்தான் வருவேன்னவருங்க" என்றார். பஸ் சிரித்தது. சிரித்த வேகத்திலோ என்னவோ ஜலகண்டாபுரம் ஏற்றத்தில் நின்றது. இறங்கித் தள்ளினோம். எனக்கு ஐம்பத்தெட்டு வயது. பென்ஷன்காரன் பஸ் தள்ளக் கூடாது என்று விதி எதுவும் ஞாபகம் வரவில்லை.

எடப்பாடிக்குப் பதினொன்றரைக்குச் சேர வேண்டியது, இரண்டு மணிக்குச் சேர்ந்தது. சத்திரத்தில் விசாரித்தால், நான் யாருடைய புகாருக்குப் பதில் எழுத வந்தேனோ அவரே உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அம்மை குத்துபவர் சுப்புராயன், ஆத்தூர்ப் பக்கத்துக்காரர், முப்பது வயதுக்குள். கெட்டவர் அல்ல. களைத்தவர்.

"மரியாதையாத்தான் கேட்டேன் சார். கம்பம் நட்டிருக்கு, போயிட்டு அடுத்த வியாழக்கிழமை வான்னாங்க. வியாழக்கிழமை நான் சங்ககிரிப் பக்கம் இருக்கணும். ப்ரோக்ராம் சேலத்துலேர்ந்து வருது. என் இஷ்டமா?"

"போன வருஷம் இந்த ஊருக்கு எப்போது வந்தீர்?"

"இதே வாரம்."

"அதற்கு முந்தின வருஷம்?"

"எனக்கு முன்னாடி இருந்தவரும் இதே வாரம்தான்னு சொன்னாங்க."

எனக்கு மேலே விளக்கம் தேவைப்படவில்லை. ப்ரோக்ராம் தயாரிக்கும் குமாஸ்தா போன வருஷத்தியதை எடுத்து வைத்துக்கொண்டு வருஷத்தை மட்டும் திருத்துவார். அது சோம்பேறித்தனமல்ல, முன் நடைமுறையைப் பின்பற்றுதல். மாசித் திருவிழாவும் முன் நடைமுறையைப் பின்பற்றுகிறது. இரண்டும் வருஷா வருஷம் ஒரே வாரத்தில் மோதிக்கொண்டு, ஒன்று மற்றதைப் பிடிவாதம் என்று சொல்லிக்கொண்டிருந்தன.

சுப்புராயனையும் கூட அழைத்துக்கொண்டு மூன்று மணிக்கு மாட்டுவண்டி பிடித்தேன். கரட்டுப்பாளையம் வெயிலில் வெளுத்த ஊர். சோளத்தட்டுப் போர், கிணறு, நாற்பது கூரை, ஒரு மாரியம்மன் கோயில். கோயிலுக்கு முன்னால் கம்பம் நட்டிருந்தது. மூன்று கிளையாகப் பிரிந்த வேப்பமரத் துண்டு, பட்டை உரித்து மஞ்சள் பூசியது. அதுதான் அம்மனின் புருஷன் என்பார்கள். ஊரில் நோன்பு சாட்டிக் கம்பம் நட்டால், அதைப் பிடுங்கிக் கிணற்றில் விடுகிற வரையில் யாரும் வெளியூரில் இராத்தங்கக் கூடாது. தாளிக்கக் கூடாது, சவரம் கூடாது. விடிகாலையிலும் அந்தியிலும் பெண்கள் குடம் குடமாகக் கம்பத்துக்கு மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள். ஊரெல்லாம் புழுதி பறக்க, அந்த இடம் மட்டும் சேறாக இருந்தது.

குழந்தைக் கவுண்டர் ஒரு வாரத் தாடியுடன் வந்து கும்பிட்டார். "வாங்க, சிரஸ்தாரய்யா. இவரயும் கூட்டியாந்துட்டீங்களா? வாங்க சாமி, மோரு குடிங்க." திருப்பி அனுப்பப்பட்டவருக்கும் மோர் வந்தது.

"கவுண்டரே, ஏன் மறுத்தீர்கள்?"

"மறுக்கலீங்களே. நாளுதானுங்க கேட்டோம். என்ற மூஞ்சியப் பாருங்க, கத்தி படல. நோன்பு சாட்டுனதுக்கப்பறம் ஊருக்குள்ள ஒரு கோழி கழுத்து அறுபடலீங்க. இதுல பச்சக் கொழந்த கையக் கீறி ரத்தம் பாக்கறதுங்களா? அதும் கீறுனா என்ன வருது? காச்சல் வருது, ஒரு முத்து போடுது. அம்மா அவ நோன்புல குந்தியிருக்கறப்ப நாமளே அவளக் கூப்புட்டுக் கொழந்த மேல உடறதுங்களா? புதங்கிழம கம்பத்தப் புடுங்கிருவோம். வேழாக்கிழம மஞ்சத்தண்ணி. அன்னிக்கு வந்து குத்தட்டும். நானே மொதல்ல கையக் காட்டறேன்."

அப்போது உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது. "அப்பாவக் கேட்டீங்க. என்னய யாருமே கேக்கலீங்களே."

கவுண்டரின் மகள் நாச்சாயி. தலைப்பிரசவத்துக்குத் தாய் வீடு வந்தவள். மடியில் நாலு மாதப் பெண்குழந்தை. புருஷன் வீடு ஓடைப்பட்டி.

"என்ற நாத்தனா கொழந்தைக்குத்தானுங்க அங்க அம்மா போட்டிருக்குது. மஞ்சத்தண்ணி முடிஞ்சு மக்யா நாளு, வெள்ளிக்கிழம, மாமனாரு வண்டியோட வாராரு, கூட்டிட்டுப் போக. போகமாட்டேன்னா நோவுக்குப் பயந்துக்கிட்டு வரலேம்பாங்க. போனா அதே ஊட்டுலதானுங்க இவளத் தொட்டில்ல போடோணும். நா குத்த வேண்டாம்னு சொல்லலீங்க. கம்பம் நட்டிருக்கறப்பவும் வேண்டாம். அதுக்கப்பறம் இவரு இருக்க மாட்டாரு. நா என்னங்க பண்ணட்டும்?"

அவள் அழவில்லை. குழந்தையின் கையை எடுத்து, தோளுக்குக் கீழே, குத்த வேண்டிய இடத்தைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டிருந்தாள்.

மூடநம்பிக்கையைப் பற்றிய மூன்று பத்தியை நான் அங்கேயே விட்டுவிட்டேன். சுப்புராயன் வியாழக்கிழமை வரையில் இங்கே இருக்க வேண்டும். அதற்குப் பிறகும் குழந்தை ஒரு வாரம் ஓடைப்பட்டிக்குப் போகாமல் இருக்க வேண்டும்; குத்தியது பிடித்து உடம்பில் வேலை செய்ய அவ்வளவு நாளாகும். இரண்டுக்கும் எனக்கு உபதேசம் தெரியாது. விதிதான் தெரியும்.

சாயங்காலம் சுப்புராயனை உட்கார வைத்து விண்ணப்பம் சொன்னேன். ஊர் வழக்கத்தை உத்தேசித்து நாளை மாற்ற இன்ன விதிப்படி அனுமதி கோருகிறேன். பக்கத்துக் கிராமத்தில் நோய் கண்டிருப்பதால், மேலான உத்தரவை எதிர்பார்த்து இவ்விடத்திலேயே முகாமிட்டிருக்கிறேன்.

"சார், தந்தி அடிச்சுடலாமா? சீக்கிரம் பதில் வரும்."

"அந்த அபாயம் இருக்கிறதால்தான் தபாலில் அனுப்புகிறோம்."

அவருக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. "பதில் வராட்டி?"

"வராதவரையில் நீர் கீழ்ப்படிந்துகொண்டிருக்கிறீர். உத்தரவு கேட்டுவிட்டு, கேட்ட இடத்தில் காத்திருக்கிறவனை யாரும் ஒன்றும் செய்ய முடியாது. சேலத்தில் இந்தக் காகிதம் முதலில் எந்தப் பிரிவைச் சேர்ந்தது என்று தீர்மானிக்கவே பங்குனி பிறந்துவிடும்."

"என் வேலை போயிடாதே சார்?"

"போனால் பென்ஷன் விண்ணப்பமும் நானே எழுதித் தருகிறேன்" என்றேன். அவர் சிரிக்கவில்லை.

சிரிக்காததற்கு வேறு காரணமும் இருந்தது. அம்மைப்பால் சென்னையிலிருந்து கண்ணாடிக் குழல்களில் தபாலில் வருவது. குளிர்ச்சியாக வைக்காவிட்டால் கெட்டுப்போகும். அந்த வெயிலில் இன்னும் ஆறு நாள் தாங்குமா என்று அவருக்குச் சந்தேகம். ஐஸுக்குச் சேலம் போக வேண்டும். ஈரத் துணியைச் சுற்றிப் பார்த்தார். ஒரு மணி நேரத்தில் காய்ந்தது.

மறுநாள் காலை, கம்பத்துக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு வெறுங்குடத்துடன் வந்த நாச்சாயிதான் சொன்னாள்: "கம்பத்தடியில ஒரு மொடாவப் பொதச்சு வெய்யுங்க. ஊருக்குள்ள எந்நேரமும் ஈரம் இருக்கறது அங்கதானுங்க."

கவுண்டர் திடுக்கிட்டார். "அது கம்பம், சாமி. கண்டதயும் வெக்கறதுங்களா?"

பூசாரி வரவழைக்கப்பட்டார். வயிறு பெருத்த, அவசரமே இல்லாத மனிதர். அம்மைப்பால் குழல்கள் இருந்த தகரப் பெட்டியைத் தொடாமல் குனிந்து பார்த்தார்.

"உள்ளார என்ன சாமி?"

"கன்னுக்குட்டி உடம்புல அம்மை போட வெச்சு, அதுலேர்ந்து எடுத்த பால்" என்றார் சுப்புராயன்.

"அப்ப அம்மாளோடதுதானே?"

சுப்புராயன் என்னைப் பார்த்தார். அவர் படித்த பாடத்தில் இந்தக் கேள்விக்குப் பதில் இல்லை. "ஒரு விதத்தில்" என்றேன் நான்.

"ஒரு விதம் என்ன, பல விதம் என்ன. அவளது அவ காலடியில இருக்கட்டும். ஆனா அந்தக் கத்தி மட்டும் ஊர் எல்லைக்கு அந்தாண்ட இருக்கோணும், வேழாக்கிழம வரைக்கும்."

கத்திப் பெட்டி எடப்பாடிச் சத்திரத்துக்குப் போயிற்று. தகரப் பெட்டியை உள்ளே வைத்து மணல் நிரப்பிய மொடா கம்பத்தடியில் இறங்கிற்று. அன்றிலிருந்து பெண்கள் ஊற்றிய தண்ணீர் கம்பத்தில் வழிந்து அதற்குள்ளும் இறங்கியது. முதலில் மெதுவாக ஊற்றியவர்கள், ஞாயிற்றுக்கிழமைக்குள் அந்தப் பக்கமாகவே ஊற்ற ஆரம்பித்தார்கள். "பாலு காஞ்சுரப் போகுது, இந்தாண்ட ஊத்து அக்கா" என்று ஒருத்தி கத்தியது என் காதில் விழுந்தது. சுப்புராயன் தினம் இரண்டு வேளை போய் மணலுக்குள் கைவிட்டுப் பார்த்தார். கும்பிடுகிறார் என்று ஊர் நினைத்தது. திருத்த வேண்டாம் என்று அவருக்குச் சொன்னேன்.

திங்கட்கிழமை, அவர் சங்ககிரிக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டிய நாள். தபால்காரரைத் தொலைவில் பார்த்ததும் சுப்புராயன் கோயிலுக்குப் பின்னால் போய்விட்டார். கவுண்டருக்கு ஒரு விவாகப் பத்திரிகைதான் வந்தது.

புதன்கிழமை அந்தியில் கம்பத்தைப் பிடுங்கிக் கிணற்றில் விட்டார்கள். வியாழக்கிழமை காலை மஞ்சள் தண்ணீர். முறைமாமன், முறைப்பெண் என்று பார்த்துப் பார்த்து ஊற்றிக்கொண்டு ஊரே மஞ்சளாகிவிட்டது. முறை எதுவும் இல்லாத என் சட்டையும் தப்பவில்லை. கத்திப் பெட்டி வந்தது. சவரம் செய்த முகத்துடன் கவுண்டர் சொன்னபடி முதலில் கையை நீட்டினார். அடுத்தது நாச்சாயி. அவள் குழந்தை குத்தும்போது அழவில்லை. எல்லாம் முடிந்து சுப்புராயன் சிரித்துக்காட்டியபோது வீறிட்டது.

வரிசை ஓய்ந்ததும், "இவ்வளவுதானா?" என்று கேட்டேன். தெற்கே, ஓடைக்கு அந்தப்புறம், பண்ணையாட்களின் குடிசைகள் இருந்தன. அங்கிருந்து ஒருவரும் வரவில்லை. கோயில் வாசலுக்கு அவர்கள் வர முடியாது. போன வருஷங்களில் அவர்களைச் சாலைக்குக் கூப்பிட்டார்களாம், வரவில்லையாம், மறுப்பு.

சாலையில் நின்று கூப்பிட்டோம். வெள்ளச்சி என்ற நடுத்தர வயதுப் பெண் ஓடைக்கு அந்தக் கரையிலேயே நின்றாள்.

"குத்தறதுக்கு மட்டும் எங்க கை தீட்டு இல்லீங்களா சாமி? இவருக்கு முன்னால ஒருத்தரு வந்தாரு. அங்க நில்லு, கைய நீட்டுன்னாரு. மாட்டுக்குச் சூடு வெக்கறவன்கூடக் கிட்ட வந்து புடிச்சு வெப்பான். எங்க ஊட்டுக்கு வந்து குந்திக் குத்துங்க. கத்தியக் கழுவிக் குத்துங்க, எங்க கண்ணு முன்னால."

சுப்புராயன் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு ஓடையில் இறங்கினார். நானும் இறங்கினேன். நான் கையெழுத்திட்ட காகிதங்களில் அப்படிப்பட்ட தெருக்கள் எத்தனையோ தடவை வந்திருக்கின்றன; என் கால் போனது அன்றுதான். வெள்ளச்சி தண்ணீர் கொதிக்க வைத்தாள். ஒவ்வொரு தடவையும் கத்தி சட்டிக்குள் போய்வருவதைப் பார்த்த பிறகே அடுத்த குழந்தையை விட்டாள். கவுண்டர் ஓடைக்கு இந்தக் கரையிலேயே நின்றுவிட்டார். எல்லாம் மாறிவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான்.

வெள்ளிக்கிழமை காலை ஓடைப்பட்டி வண்டி வந்தது. நாச்சாயியின் மாமனார் ஊர் எல்லையிலேயே நின்று, "புள்ளயக் கிளம்பச் சொல்லுங்க" என்றார். சம்பந்தியை மறுக்க முடியாமல் கவுண்டர் என் பக்கம் திரும்பினார்.

நான் போய் என் பழைய ஆபீஸ் குரலில் சொன்னேன்: "குத்திய குழந்தையை எட்டாம் நாள் பார்வையிட வேண்டும். அதுவரையில் அதை ஊரைவிட்டுக் கொண்டுபோவது விதிக்கு விரோதம்."

"சர்க்கார் உத்தரவுங்களா?"

"ஆமாம்."

"அப்பச் செரிங்க. சர்க்காரே சொன்னதுக்கப்பறம் நாம என்ன பேசறது." அவர் முகத்தில் கோபமில்லை. கொஞ்சம் நிம்மதிகூடத் தெரிந்தது. அவருக்கும் அது பேத்தி. வேண்டாம் என்று சொல்ல அவருக்கும் ஒருவர் உத்தரவு தேவைப்பட்டிருக்கிறது. வண்டி காலியாகத் திரும்பியது.

நோட்டீசுக்குக் கவுண்டர் பெயரில் இரண்டு வரி பதில் எழுதிக் கொடுத்தேன்: மறுக்கவில்லை, நாள் கேட்டோம், அந்த நாளில் ஊர் முழுவதும் குத்திக்கொண்டது. சுப்புராயன் எட்டாம் நாளுக்காகத் தங்கினார். நான் கரி பஸ்ஸில் திரும்பினேன்.

அஸ்தம்பட்டியில் எங்கள் தெருவுக்கு அதே மாதம் அம்மை குத்த வந்திருந்தார்கள். வக்கீல் வீட்டில், குழந்தைகள் பலவீனம், ஒத்திப்போடலாம் என்று டாக்டர் சர்டிபிகேட் தயாராக இருந்தது. பக்கத்து வீட்டில் மாமியார் ஊரிலிருந்து வரட்டும் என்றார்கள், அதற்கும் சர்டிபிகேட். அதெல்லாம் இங்கிலீஷில் இருந்ததால் யாரும் மறுப்பு என்று எழுதவில்லை. ரஹீம் சாயபு நர்ஸம்மாவைக் கேட்டார், செங்கோடன் இரண்டு நாள் கேட்டார், வெள்ளச்சி கழுவின கத்தியைக் கேட்டாள். ஆபீசில் எல்லாவற்றுக்கும் ஒரே சொல்தான் இருந்தது.

சித்திரையில் கவுண்டர் சேலம் வந்தார். நாத்தனார் குழந்தை தங்கவில்லை என்றார். நாச்சாயி எட்டாம் நாள் பார்வை முடிந்து, முத்து காய்ந்த பிறகு ஓடைப்பட்டி போனாளாம். அந்த வீட்டில் காலியாக இருந்த தொட்டிலிலேதான் குழந்தையைப் போட்டாளாம். "ஒண்ணும் ஆவலீங்க. இப்பத் தவழுது" என்று சொல்லி, மஞ்சள் கறையோடு நான் விட்டுவந்த சட்டையைத் துவைத்துக் கொண்டுவந்து கொடுத்தார். கறை போகவில்லை.

நாளை மாற்ற அனுமதி கேட்டு மாசியில் நாங்கள் அனுப்பிய விண்ணப்பம், முன்கூட்டி வந்து சேராத காரணத்தால் அனுமதிக்க இயலவில்லை என்ற பதில் சுப்புராயனுக்கு வந்து சேர்ந்தது, ஐப்பசி மாதம் மூன்றாம் தேதி.